பெட்டி வாலாட்டுகிறது, ஹப் கொதிக்கிறது, கூடாரம் ஒழுகுகிறது: வீட்டில் செய்த முகாம் ட்ரெயிலருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் ட்ரெயிலர் என்றால் நம்மாட்களுக்கு லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டிதான் நினைவுக்கு வரும். நானும் இங்கே பெட்டி என்றே எழுதுகிறேன். நான் சொல்லப்போவது பட்டறையில் பொக்ஸ் பார் என்ற சதுரக் குழாய் இரும்பை ஒட்டி, ஒற்றை அச்சுப் போட்டு, மேலே மடிப்புக் கூடாரம் ஏற்றி, ஜீப்புக்கோ கப் (பிக்கப்) வாகனத்துக்கோ பின்னால் கொழுவிக்கொண்டு திரியாய்ப் பக்கமும் வெருகல் பக்கமும் போய் இரவு தங்குகிற பெட்டி. வெறும் நிறை 400 கிலோ, சாமான் ஏற்றினால் 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டி இதைவிடக் கனம் என்றால் கணக்குகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டிகளில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இரண்டே காரணத்தால் வருகின்றன. பாரம் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும். அல்லது உப்பு போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கும். ஆனால் அவை தலைகாட்டுவது வேறெங்கோ. பின்பக்கம் ஏற்றிய தண்ணீர்த் தாங்கி ஸ்டியரிங்கில் தெரியும். சில்லின் நடுக்கூடான ஹப்புக்குள் போன உவர்நீர் ஆறு மாதம் கழித்து நடுவீதியில் தெரியும். அதனால் கெட்ட உதிரிப்பாகத்தை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். அது ஏன் கெட்டது என்று ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

வீதியில் ஆளைக் கொல்லக்கூடியவற்றை முதலில் எழுதுகிறேன். மெத்தை ஈரமும் கூடாரத்துச் சிப் (இழுபூட்டு) இறுக்கமும் பிறகு. பதிவு விஷயத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரும்பு வாங்குமுன்பே விசாரித்துவிடுங்கள். அதை நான் இங்கே தொடவில்லை.

வேகம் பிடித்ததும் பெட்டி வாலாட்டுகிறது

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் வீதி நேராக நீளும்போது, 60, 70 இல் போய்க்கொண்டிருக்கையில் பெட்டி இடமும் வலமும் அசையத் தொடங்கும். எதிரே பெரிய பஸ் ஒன்று காற்றைத் தள்ளிக்கொண்டு போனால் அசைவு கூடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: அக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், வேகம் தானாகக் குறையட்டும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் வாகனம் நிற்கப் பார்க்கும், பெட்டி நிற்காது. பக்கவாட்டில் வந்து தள்ளும். வேகம் கூட்டினால் பெட்டி நேராகும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அளக்க வேண்டியது மூக்குப் பாரம், அதாவது கொழுக்கி வாகனத்தின் மேல் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறது என்பது. ஏற்றிய பெட்டியின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 700 கிலோப் பெட்டிக்கு 70 கிலோ. முப்பது கிலோவுக்குக் கீழே போய்விட்டால் வாலாட்டம் வர வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பெரிய தராசு தேவையில்லை. ஆள் நிறை பார்க்கும் வீட்டுத் தராசு போதும். பயணம் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றுங்கள். தாங்கியில் தண்ணீரும் நிரப்புங்கள். சமதரையில் நிறுத்தி இரண்டு சில்லுக்கும் கல் அடை கொடுங்கள். தராசின் மேல் ஒரு துண்டுப் பலகை, அதன் மேல் பெட்டி மட்டமாக நிற்கும் அளவுக்கு வெட்டிய கட்டை, கட்டையின் தலையில் கொழுக்கி. மூக்கைத் தாங்கும் ஜொக்கிச் சில்லைத் தரையில் படாமல் தூக்கிவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கட்டை சரிந்தால் காலில் விழும். ஒருவர் பிடித்திருக்க இன்னொருவர் வாசிப்பது நல்லது.

மூக்கு இலேசாக இருந்தால் அதிகம் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர்த் தாங்கியை. 60 லீற்றர் என்றால் 60 கிலோ. கொழுக்கியில் இருந்து அச்சு வரை 2.4 மீற்றர் என்று வையுங்கள். அச்சுக்குப் பின்னால் 60 சென்ரிமீற்றரில் இருக்கும் தாங்கியை அச்சுக்கு முன்னால் அதே தூரத்துக்கு மாற்றினால் மூக்குப் பாரம் 30 கிலோ கூடும். ஒரு தாங்கியை நகர்த்தியதிலேயே பாதி வருத்தம் தீர்ந்துவிடும். கதவுக்கு வெளியே பின்பக்கம் தொங்கும் உபரிச் சில்லு, ஜெரிகான், காஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பின்னால் தொங்குவது பார்க்க அழகு. வீதியில் அது எதிரி.

மூக்குப் பாரம் சரி, இன்னும் ஆடுகிறதா? டயர் காற்றைப் பாருங்கள். மணலில் இறக்கிய காற்றை மறுபடி அடிக்காமல் தார் வீதிக்கு வந்திருக்கலாம். அதுவும் சரியென்றால் அச்சு கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொழுக்கியின் நடுவில் இருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் இழுபடாத நாடா பிடித்து அளவுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் வந்தால் பெட்டி எப்போதும் ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும். நண்டு நடப்பது போலப் பின்னால் வரும்.

கடைசியாகக் கூடாரத்தின் உயரம். கூரைக் கூடாரம் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். அதைத் தலைக்கு மேல் உயரத்தில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலே போகும். வளைவில் பெட்டி சாயும். கூடாரம் மடித்த நிலையில் வாகனத்தின் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்காத உயரம் போதும். அதற்கு மேல் உயர்த்துவது கீழே சமையலுக்கு நிழல் வேண்டும் என்ற ஆசையால்தான். அந்த நிழலுக்கு ஒரு தறப்பாள் போதும்.

ஹப்பில் கை வைக்க முடியவில்லை

ஓடி நிறுத்தியதும் ஹப்பைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும். இளஞ்சூடு சாதாரணம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கை பொறுக்கும் சூடு என்றாலும் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் கையை வைத்த மாத்திரத்தில் எடுக்க வைக்கிறது என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

சில்லை ஜக்கில் தூக்குங்கள். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். ஆடினால் பெயாரிங் தளர்வு. ஆடாமல் கனமாகச் சுற்றினால் அளவுக்கு மீறிய இறுக்கம். கரகரவென்று கேட்டால் பெயாரிங் போய்விட்டது. இறுக்கினாலும் தளர்த்தினாலும் பயனில்லை.

பட்டறைகளில் நடக்கிற பிழை இறுக்கம்தான். பெரிய ஸ்பனரை மாட்டி, காலால் மிதித்து, இனி ஆடவே ஆடாது என்று விட்டுவிடுவார்கள். கூம்பு ரோலர் பெயாரிங்குக்கு அது ஆகாது. சரியான முறை: சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்று கனக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். மறுபடி கைவிரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராகாவிட்டால் மேலும் இறுக்காமல் நட்டைச் சற்றுத் தளர்த்தித் துளையை நேராக்கி, புதுப் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது சில ரூபாய் மிச்சம். போனால் சில்லு போகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு ஹப்பும் கொதிக்கிறது என்றால் அச்சு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். லாண்ட்மாஸ்டர் பெட்டியின் அச்சு மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் தடிப்பாக இருக்கும். ஆனால் அது மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் நெல் மூட்டை இழுக்கச் செய்தது. அதே அச்சை 70 இல் ஓட்டினால் கிறீஸ் உருகி வெளியே வரும். இதற்குச் சீர்திருத்தம் கிடையாது. வேன் அல்லது ஜீப்பின் ஹப் வைத்த அச்சாக மாற்றுங்கள். இழுக்கும் வாகனத்தின் ஆணித் துளை அளவே பெட்டிக்கும் இருந்தால் ஒரே உபரிச் சில்லு இரண்டுக்கும் பொருந்தும். ஹைலக்ஸ், பிராடோ, பஜெரோ போன்ற பலவற்றில் அது 139.7 மில்லிமீற்றர் வட்டத்தில் 6 ஆணி.

ஹப் மூடியைத் திறந்தால் கிறீஸ் பால் நிறம்

நல்ல கிறீஸ் திறந்தவுடன் பளபளவென்று, அதன் சொந்த நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்தது பால் தேத்தண்ணீர் நிறத்தில், நுரைத்த மாதிரி, விரலில் எடுத்தால் இழுபடாமல் நழுவும். அதைத் துடைத்துவிட்டு ரோலரை வெளிச்சத்தில் பிடித்தால் வரிவரியாகக் கபில நிறக் கறள் தெரியும். அந்த வரி விழுந்த பெயாரிங்கைக் கழுவி மறுபடி போடாதீர்கள்.

இது இங்கே அதிகம். இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் களப்பு ஓரங்களில் வாகனத்தை இறக்குகிறோம். சம்பூர்ப் பக்கம் மழை நாட்களில் முழங்கால் தண்ணீரைக் கடக்கிறோம். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும்; உள்ளே இருக்கும் காற்றும் சூடு. குளிர்ந்த நீரில் சடக்கென்று இறங்கினால் காற்றுச் சுருங்கி, ஹப்பை அடைக்கும் ரப்பர் சீலின் விளிம்பு வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடும்போது தெறிக்கும் நீரைவிட நின்று ஊறும் நீர் கெடுதல்.

தண்ணீரில் இறங்குமுன் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரமாவது ஹப்பை ஆறவிடுங்கள். வந்த கிழமையே மூடியைத் திறந்து பாருங்கள். சீலை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது போடுங்கள், விளிம்பில் கிறீஸ் தடவி. கிறீஸ் வகையை மாற்றுவதென்றால் பழையதை மண்ணெண்ணெயில் முழுதாகக் கழுவிக் காயவைத்த பின்பே மாற்றுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இரண்டும் தண்ணீராகிவிடும்.

முன்சட்டத்தில் மயிரிழைக் கோடு

ஏ வடிவ முன்சட்டம் பெட்டியின் உடலோடு சேரும் மூலை. அந்த இடத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஈரத்துணியால் துடைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு வெடிப்பாகத் தெரியாது. பெயின்டின் மேல் நூல் தடிப்பில் ஒரு கபிலக் கோடு தெரியும், ஒட்டின் விளிம்பை ஒட்டியே ஓடும். தண்ணீர் உள்ளே போய்க் கறள் வெளியே கசிந்த அடையாளம் அது.

கிண்ணியாப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இப்படி ஒரு சட்டத்தைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டிக்காரப் பொடியன், “நானா, ஒட்டு விட்டுட்டுதே?” என்று பட்டறைக்காரரிடம் கேட்டான்.

“ஒட்டு விடல்ல தம்பி. இந்தா பாருங்க, ஒட்டுக்குப் பக்கத்து இரும்புதான் விட்டிருக்கு. குறுக்கால ஒட்டினா அப்பிடித்தான்.”

விஷயம் அதுதான். வளையும் சட்டத்தின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் குறுக்காக ஒரே கோட்டில் ஒட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் இழுவிசை அந்தக் கோட்டில் வந்து சேரும். சூடு பட்ட இரும்பு அந்த ஓரத்தில் சோர்ந்து கிழியும். மேலே இன்னொரு முறை ஒட்டினால் கோடு இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி வரும்.

சரி செய்யும் முறை இப்படி. பாரத்தை இறக்கிச் சட்டத்தைத் தாங்குகட்டையில் நிறுத்துங்கள். கோடு முடியும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே 6 மில்லிமீற்றர்த் துளை போடுங்கள். வெடிப்பு அதற்கு மேல் ஓடாது. கோட்டை கிரைண்டரால் வி வடிவில் அடிவரை திறந்து, 7018 என்ற ஒட்டு ரொட்டால் நிரப்புங்கள். அந்த ரொட் ஈரம் இழுத்திருந்தால் ஒட்டில் குமிழி விழும். நம் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த ரொட் பக்கற் இரண்டு நாளில் ஈரமாகிவிடும், புதிதாகப் பிரியுங்கள். பிறகு சட்டத்தின் பக்க முகங்களில் வலுத்தகடு வையுங்கள். தகட்டின் நடு அகலமாகவும் இரு முனையும் ஒடுங்கியும் இருக்க வேண்டும்; நீளவாக்கில் ஒட்டி, முனைகளைச் சுற்றி ஒட்டாமல் விடுங்கள். ஜீ.ஐ. குழாய் என்றால் ஒட்டும் இடத்துத் துத்தநாகப் பூச்சை முதலில் அரைத்து எடுங்கள். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

கோடு ஏன் வந்தது? சட்டம் மெல்லியதாக இருக்கலாம். அதைவிட அடிக்கடி காண்பது பந்துக் கொழுக்கி. வரம்பு ஏறி இறங்கும்போது வாகனம் ஒரு பக்கமும் பெட்டி மறுபக்கமும் சரியும். சாதாரண 50 மில்லிமீற்றர்ப் பந்து அந்த முறுக்குக்கு ஓரளவுதான் இடம் கொடுக்கும். அதற்கு மேல் முறுக்கு முழுவதும் சட்டத்துக்குப் போகும். குளக்கட்டும் காட்டுப்பாதையும் உங்கள் வழக்கமென்றால் எல்லாப் பக்கமும் சுழலும் கொழுக்கி போடுங்கள். பழைய இராணுவ லொறிகளில் இருக்கும் வளையமும் கொக்கியும் சுழலும் தண்டோடு கிடைத்தால் அதுவே போதும். சத்தம் போடும், ஆனால் உடையாது. எந்தக் கொழுக்கியானாலும் இரண்டு சங்கிலி, கொழுக்கிக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து.

பள்ளத்தில் பெட்டி துள்ளுகிறது, உள்ளே முட்டை மிஞ்சுவதில்லை

லொறி ஸ்பிரிங் போட்டிருப்பீர்கள். பெலமாக இருக்கட்டும் என்று ஏழு எட்டு இலை. 700 கிலோவுக்கு அந்த ஸ்பிரிங் அசையவே அசையாது. பெட்டிக்கு ஸ்பிரிங் இல்லாத மாதிரித்தான். வெறும் பெட்டியின் சட்ட உயரத்தை அளந்து, ஏற்றிய பின் மறுபடி அளவுங்கள். இரண்டு மூன்று விரல் அளவாவது தாழ வேண்டும். தாழாவிட்டால் இலைகளைக் குறையுங்கள், தலை இலையையும் அதற்கடுத்ததையும் விட்டுவிட்டு. குறைத்த பின் சொக் (அதிர்வு தாங்கி) இல்லாமல் கிறவல் பாதையில் ஓடாதீர்கள்.

நடு ஆணி இருக்கும் இடத்தில் இலை உடைகிறதென்றால் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்வு. புதிதாகப் போட்டதும் முதல் நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை இறுக்க வேண்டும். இதைப் பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்வதில்லை.

டயர் ஒரு பக்கம் தேய்கிறது

இரண்டு டயரும் உள் விளிம்பில்: அச்சு பாரத்தால் வளைந்துவிட்டது. நடுவில் மட்டும்: காற்று கூட. இரு விளிம்பும்: காற்றுக் குறைவு. தேயவே இல்லை, ஆனால் பக்கச்சுவரில் வெடிப்பு: டயருக்கு வயது போய்விட்டது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆம் கிழமையில் செய்தது. நின்றே கிடக்கும் பெட்டிக்கு டயர் தேய்ந்து போவதைவிட முதிர்ந்து போவதே வழமை.

மணலில் வாகனம் போகிறது, பெட்டி வரவில்லை

நிலாவெளிக்கு வடக்கே கடற்கரைப் பாதைகளில் இதுதான் கதை. பெட்டியின் இரண்டு சில்லுக்கும் இடையிலான அகலம் வாகனத்தின் அகலத்தோடு பொருந்தாவிட்டால், வாகனம் அமுக்கிப் போன தடத்தில் பெட்டி ஓடாது. புது மணலைத் தானே உழுதுகொண்டு வரும். செய்யும்போதே அச்சை அந்த அகலத்துக்கு வெட்டுங்கள். செய்து முடித்துவிட்டீர்கள் என்றால் காற்றை இறக்குங்கள்: 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை, வாகனத்துக்கும் பெட்டிக்கும் சேர்த்து. பெட்டிக்கு இறக்க மறப்பவர்கள்தான் அதிகம். தார் ஏறுமுன் திரும்ப அடிக்கப் பம்ப் கையில் இருக்க வேண்டும்.

புல்மோட்டைப் பக்கத்துக் கருமணல் இல்மனைட் என்ற கனிமம் கலந்தது. சாதாரண மணலைவிட நிறை கூட. ஹப் சீலுக்கும் ஜொக்கிச் சில்லின் புரிக்கும் அது அரம். அங்கிருந்து வந்தால் தண்ணீர் பீச்சிக் கழுவிய பின்புதான் கிறீஸ் அடிக்க வேண்டும். கழுவாமல் அடித்தால் மணலை உள்ளே தள்ளுகிறீர்கள்.

இடப்பக்கம் சிக்னல் போட்டால் பிரேக் லைட்டும் மினுங்குகிறது

எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி, இல்லை. வேறெதையும் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். பந்தும் கொழுக்கியும் தொடுவதால் எர்த் வரும் என்று விட்டிருப்பார்கள். கிறீஸும் கறளும் சேர்ந்ததும் மின்சாரம் மற்ற பல்புகள் வழியாகத் திரும்பும் வழியைத் தேடும். ஐரோப்பிய முறை ஏழு முனைப் பிளக்கில் வெள்ளை வயர்தான் எர்த். அதைச் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிறீஸ் தடவுங்கள். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுப்பது இன்னும் நல்லது.

சிக்னல் வேகமாக மினுங்கினால், எல்.ஈ.டி. பல்பு குறைவாக இழுப்பதால் பல்பு எரிந்துவிட்டதாக ரிலே நினைக்கிறது, எல்.ஈ.டி.க்கென்று வரும் ரிலேயாக மாற்றுங்கள். பிளக் முனைகள் பச்சை பிடித்திருந்தால் உப்பு. சுரண்டுவதைவிடப் புதுப் பிளக் மலிவு.

பகல் முழுக்க ஓடியும் பெட்டியின் பற்றரி நிரம்பவில்லை

விடியச் சாமம் பிரிட்ஜ் நின்றுவிடும், மீன் மணக்கும். பற்றரியைக் குறை சொல்லுமுன் வயரைப் பாருங்கள். முன்னால் இருக்கும் பற்றரியில் இருந்து பெட்டிக்கு 6 மீற்றர், போகவர 12. 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 20 அம்பியர் போனால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். வாகனம் 14 கொடுத்தாலும் பெட்டிக்கு வருவது 13. அதில் ஈயப் பற்றரி நிரம்பாது. 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். கடையில் வயரின் அளவைச் சொல்லும்போது அது செம்பின் பரப்பா, உறையோடு சேர்ந்த தடிப்பா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

மல்டிமீட்டரில் அளப்பதென்றால் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுங்கள். ஒன்றும் ஓடாதபோது எந்த வயரும் நல்ல வயர்தான். ஓய்வில் இருக்கும் ஈயப் பற்றரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. புது வாகனங்களின் ஆல்டர்னேட்டர் தன் பற்றரி நிரம்பியதும் வோல்ட்டைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட வாகனத்துக்கும் லித்தியம் பற்றரிக்கும் இடையில் வோல்ட்டை வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் டீ.சீ. டூ டீ.சீ. சார்ஜர் இல்லாமல் முடியாது. வயரின் இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் பற்றரி இருக்கிறது.

கூடாரத்துக்குள் ஆள் ஏறியதும் மூக்கு மேலே எழும்புகிறது

வாகனத்தைக் கழற்றிவிட்டு, கூடாரம் பின்பக்கமாகத் திறக்கும் பெட்டியில் படுப்பவர்களுக்கு வரும் இது. இருவர் சேர்ந்து 140 கிலோ, அச்சுக்கு 1.5 மீற்றர் பின்னால் படுத்தால் திருப்புவிசை 210. முன்னால் 70 கிலோ மூக்குப் பாரம் 2.4 மீற்றரில் கொடுப்பது 168. கணக்கே சொல்கிறது, கவிழும். பின் மூலைகளில் இரண்டு தாங்குகால் இறக்காமல் ஏறக்கூடாது. மணலில் தாங்குகாலுக்கு அடியில் பலகை வையுங்கள். ஏணிக்கு அடியிலும் வையுங்கள்: வெளியே நீட்டி நிற்கும் கூடாரத்தின் பாதித் தளத்தைத் தாங்குவது ஏணிதான். ஏணி புதைந்தால் தளத்தின் நடு மடிப்பு வளைந்து, அடுத்த நாள் மடிக்கும்போது பூட்டு பொருந்தாது.

மழைக்கு ஒழுகுகிறது

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வீட்டிலேயே சோதியுங்கள். ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, மற்றவர் உள்ளே டோர்ச்சோடு. தையல் வழியாகத் துளி வந்தால் புதுக் கன்வஸுக்கு அது பிழையல்ல. நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் ஊதித் துளை மூடும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தும் வந்தால் தையல் பசை தடவுங்கள். சுவரின் நடுவில் ஈரம் வந்தால் உள்ளிருந்து மெத்தையோ பையோ துணியை முட்டிக்கொண்டிருக்கிறது. கன்வஸைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். நீர் ஒட்டாத பூச்சு போய்விடும்.

மெத்தையின் அடியில் மட்டும் ஈரம் என்றால் அது மழையே அல்ல. உங்கள் மூச்சு. குளிர்ந்த தளத்தில் பட்டு நீராகிறது. மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலைப்பாய் ஒன்று விரித்து, எதிரெதிர் யன்னல் இரண்டைக் கொஞ்சம் திறந்து படுங்கள். நுளம்பு வலை இருக்கிறதே. நுளம்புத்திரியை உள்ளே கொளுத்துபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தீப்பிடித்தால் வெளியேற ஒரே வாசல், அதுவும் ஏணி வழி. வேண்டாம்.

ஈரத்தோடு மடித்து வந்தால் அடுத்த நாளே முற்றத்தில் விரித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த கறை போகாது. மாதக்கணக்கில் மடித்தே கிடந்தால் அணில் உள்ளே கூடு கட்டும்.

இரவு முழுக்கக் கூடாரம் படபடக்கிறது

கச்சான் காலத்தில், வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, காற்று தரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கும். பின்னேரக் கடற்காற்றைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பி நிறுத்தினால் சாமத்தில் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். மடிப்புக் கீல் இருக்கும் பக்கத்தைத் தரைப் பக்கம் வைத்து, வெளிநீட்டும் வாசலைக் கடல் பக்கம் வையுங்கள். மழைத் துணியைத் தாங்கும் கம்பிகளை மாட்டிவிட்டு நாடாக்களையும் இறுக்குங்கள். மழை இல்லாத இரவில் அந்தத் துணியையே கழற்றிவிடலாம். சவுக்கு மரங்களுக்குப் பின்னால் நிறுத்துவது நல்லது. தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

பன்குளம், கந்தளாய்ப் பக்கம் படபடப்பு வெளியில் இருந்து வந்தால் அது காற்றாக இல்லாமல் யானையாகவும் இருக்கலாம். அரிசியும் வாழைப்பழமும் பெட்டியில் இருந்தால் மணம் பிடித்து வரும். கூரைக் கூடாரத்தின் உயரம் அதன் முகத்துக்கு நேர். இதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. யானைத் தடம் உள்ள இடத்தில் தங்காதீர்கள்.

சிப் இறுகிவிட்டது

உப்பு. இழுத்துப் பிய்க்காமல் நன்னீரில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், காய்ந்ததும் மெழுகுதிரியை இரு பக்கமும் உரசுங்கள். எண்ணெய் போடாதீர்கள், மணல் ஒட்டும்.

பின் கதவை இறுக்கி மூடியும் உள்ளே செம்மண்

ஓடும் பெட்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். தூசி அங்கே சுழன்று, சின்ன இடுக்கு வழியாகவும் உள்ளே இழுபடும். ரப்பர் பட்டை மாற்றினால் பாதி குறையும். மீதிக்கு, பெட்டியின் முன் மேல் பக்கத்தில் முன்னோக்கிய ஒரு காற்றுவாய் வைத்து வடிதுணி போடுங்கள். ஓடும்போது உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடி நிற்கும், தூசி வராது. தண்ணீரில் இறங்குமுன் அதை மூட மறக்காதீர்கள்.

பொக்ஸ் பார் வெளியே நன்றாக இருக்கிறது, தட்டினால் பொத்தென்கிறது

உள்ளிருந்து கறள் தின்கிறது. ஒட்டிய இடுக்குகளால் உள்ளே போன உப்பு ஈரம் வெளியேற வழியில்லை. ஒவ்வொரு சட்டத்தின் தாழ்ந்த முனையிலும் அடி முகத்தின் நடுவில் 8 மில்லிமீற்றர்த் துளை போட்டு, உள்ளே மெழுகு வகை கறள் தடுப்பானைப் பீச்சுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லஸ் போல்ட் போட்ட இடங்களில் வெள்ளைத் தூள் கிளம்பினால் இடையில் பிளாஸ்டிக் வொஷர் வையுங்கள். கடற்கரையில் இருந்து திரும்பிய அன்றே பெட்டியின் அடிப்பக்கத்துக்கு நன்னீர். மேலே பொலிஷ் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாங்கித் தண்ணீர் மணக்கிறது

வெயிலில் நின்ற தாங்கியில் பாசி. காலியாக்கி, குளோரின் கரைத்த தண்ணீரை நிரப்பிச் சில மணி நேரம் விட்டு, மணம் போகும் வரை அலசுங்கள். ஒளி புகாத நிறத்தில் தாங்கி வாங்குங்கள், அல்லது கறுப்புத் துணியால் மூடுங்கள். பாதி நிரம்பிய தாங்கி திருப்பங்களில் அலைந்து பெட்டியை ஆட்டும்; முழுதாக நிரப்புங்கள், அல்லது வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புங்கள்.